குட்டையை விட்டுப் போன தண்ணீர்

அரசர் நினைப்பதே சட்டமாக இருந்த முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு அரண்மனையில் விடங்கன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே சபை சிரித்துவிடும். அவன் மனைவி காய்ச்சலில் இறந்த பிறகு, "என் மனைவி போய்விட்டாள், அரசே" என்று சபையில் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, மிச்ச வேடிக்கைக்காக அவன் முகத்தையே பார்த்தார்கள். அதன்பின் அவன் தன்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், தனக்கு மட்டும் சோறு பொங்கித் தின்பான்.

ஒரு கோடையில் அரசருக்குத் தம் பண்ணைக்குட்டையில் நீந்த ஆசை வந்தது. மண்ணால் கரை எழுப்பிய பெரிய குட்டை அது. கீழே இருந்த குடியானவர்களின் வயல்களுக்கும் அதுதான் பாசனம். அரசர் போய்ப் பார்த்தபோது முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை.

"நல்லா ரொம்பித்தான் இருந்துச்சு, மகராசா. எங்கேயோ ஒழுகிப் போகுது" என்றார்கள் குடியானவர்கள்.

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. சபையைக் கூட்டினார். "என்னைக் கேளாமல் என் குட்டையை விட்டுத் தண்ணீர் போவதா? ஒழுகலை அடைத்தால் மட்டும் போதாது. போன தண்ணீர் இந்தச் சபைக்குத் திரும்பி வந்தாக வேண்டும்."

அரசர் விடங்கன்மேல் வைத்திருந்த பிரியம் அமைச்சர் மகரபூஷணரை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, "அரசே, இப்பணிக்கு விடங்கனே தகுந்தவன். பௌர்ணமி சபைக்குள் முடிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போகட்டும்" என்றார்.

அரசரும் அப்படியே உத்தரவிட்டார்.

விடங்கன் கரைமேல் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு தங்கினான். கரையின் வெளிச்சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, எங்கே புல் பச்சையாக இருந்ததோ அங்கே தோண்டினான். நண்டு வளைகள் தென்பட்டன. ஒவ்வொன்றையும் அடிவரை தோண்டி, பிசைந்த களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து இறுக்கினான். கீழ் வயல்காரி பூவாயி தன் எருமைகளை ஓட்டிவந்து அந்த இடங்களை மிதிக்க விட்டாள். குட்டை வற்றினால் அவளுடைய நாற்றும் கருகிவிடும்.

"வீட்ல சோறு யாரு பொங்குறாங்க, ஐயா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான்தான். மனைவி போய்விட்டாள்."

சொன்னபின் பழக்கத்தில் அவன் சிரிப்புக்காகக் காத்திருந்தான். பூவாயி எருமையின் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்போங்க?"

அவன் குனிந்து களிமண்ணைப் பிசைந்துகொண்டே, "போன மாசியில்" என்றான்.

இடையில் ஒரு கோடைமழை கொட்டி, குட்டை பாதி நிறைந்தது. ஆனால் மறுபடியும் நீர்மட்டம் இறங்கியது. நண்டு வளைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. வெளிச்சரிவும் உலர்ந்தே இருந்தது. எல்லையைத் தாண்டிப் போக நேர்ந்தால் எந்தப் பக்கம் போவது என்றுகூட விடங்கன் யோசித்துப் பார்த்தான். எந்தப் பக்கத்திலும் அவனுக்கு ஆள் இல்லை.

காற்றில்லாத ஒரு காலையில் தண்ணீரின்மேல் உமியைத் தூவினான். உமி அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல நகர்ந்து வடகிழக்கு மூலைக்குப் போய், அங்கேயே சுழன்றது. இறங்கித் துழாவினான். கையில் நண்டு வளை தட்டுப்படவில்லை, சுட்ட மண்குழாயின் வாய்தான் தட்டுப்பட்டது. அந்த மூலைக்கு அப்பால் உயர்ந்த மதில். மதிலுக்குப் பின்னால் மகரபூஷணரின் பூந்தோட்டம், கோடையிலும் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

விடங்கன் யாரிடமும் மூச்சு விடவில்லை. பௌர்ணமிக்கு முந்தின நாள், சாயக்காரரிடம் ஒரு பானை நீல அவுரிச் சாயம் வாங்கிவந்து குழாயின் வாயில் ஊற்றினான்.

பௌர்ணமி சபையில் ஒரு முறை உண்டு. அரசர் பரிசளித்த வெண்பட்டுச் சால்வையைப் போர்த்தாமல் எந்த அமைச்சரும் உட்கார முடியாது; முந்தின நாளே அதைத் துவைத்து வைப்பார்கள். மகரபூஷணர் அன்று கடைசியாக வந்தார். அவர் சால்வை திட்டுத் திட்டாக நீலமாக இருந்தது. அலசி அலசிப் பார்த்தும் போகாமல், ஈரத்தோடு போர்த்தி வந்திருந்தார்.

"விடங்கா, போன தண்ணீர் எங்கே?" என்று கேட்டார் அரசர்.

"நடந்தே வந்துவிட்டது, அரசே."

விடங்கன் ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு மகரபூஷணரிடம் போனான். "மன்னிக்க வேண்டும், அமைச்சரே" என்று அவர் சால்வை முனையைப் பிடித்துப் பிழிந்தான். கிண்ணத்தில் நீலத் தண்ணீர் சொட்டியது. அதை அரசரின் காலடியில் வைத்தான்.

"குட்டையில் நான் ஊற்றிய நீலம் இது. அமைச்சரின் தோட்டத்துத் தொட்டியில் துவைத்த சால்வையில் ஏறியிருக்கிறது. தண்ணீர் போன வழி கரைக்கு அடியில், சுட்ட மண்குழாயாகக் கிடக்கிறது. ஆளை அனுப்பிப் பாருங்கள்."

மகரபூஷணர் தலை குனிந்தார். அரசர் கிண்ணத்தைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குழாயைப் பிடுங்கி எறியுங்கள். குழாய் கிடந்த பள்ளத்தை அடைக்கும் களிமண்ணை மகரபூஷணரே தம் காலால் மிதிக்கட்டும். விடங்கா, உனக்கு என்ன வேண்டும், கேள்."

"குட்டைக் காவல் வேண்டும், அரசே. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சபைக்கு வருகிறேன்."

"ஆளே இல்லாத இடத்தில் யாரைச் சிரிக்க வைப்பாய்?"

"யாரையும் இல்லை, அரசே."

அரசர் மறுபடி சிரித்தார், சபையும் சிரித்தது. விடங்கன் சிரிக்கவில்லை. அரசரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு தம் கைக் கடகத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டு, "காவல் உனக்கே. போய் வா" என்றார்.

அடுத்த மழையில் குட்டை நிறைந்தது. நிறைந்த தண்ணீர் நிறைந்தபடியே நின்றது. பூவாயியின் வயலில் நடவு. விடங்கன் மடையைத் திறந்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பும்போது, வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, எங்கே போறீங்க? வந்து உக்காருங்க."

வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.