யானைக் கொட்டாரம் வரைக்கும் என் வீடு

முன்னொரு காலத்தில், அதாவது என் தலையில் முடி இருந்த காலத்தில், ஒரு ராஜாவிடம் நான் விகடகவியாக இருந்தேன். பெயர் சடையாண்டி. இப்போது சடையும் இல்லை, ராஜாவும் இல்லை. கதை மட்டும் இருக்கிறது.

ஒரு நாள் சபையில் ராஜா பெரிதாகக் கொட்டாவி விட்டார். "சடையாண்டி, எமக்குக் கொட்டாவி வந்ததும் உன்னை அழைத்துவர ஆள் அனுப்புகிறோம். நீ தொந்தியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எமக்குத் தூக்கமே வந்துவிடுகிறது. அகழிக் கரையில் மனை தருகிறோம். உன் வீட்டை விற்று அங்கே வீடு கட்டிக்கொள். பௌர்ணமிக்குள் விற்காவிட்டால் வேறு விகடகவியைப் பார்த்துக்கொள்வோம்" என்றார்.

சிரிக்கவைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவன் நான். அதுவும் பாதி நாள் சரியாக வராது.

நிலக்கணக்கு அதிகாரி நல்லபெருமாளுக்கோ வாயெல்லாம் பல். நான் வாய் திறந்தால் ராஜா சிரிப்பதும், அவர் வாய் திறந்தால் ராஜா தூங்குவதும் அவருக்குப் பொறுக்காது. போதாததற்கு, என் வீட்டுக்கு மேற்கே அடுத்த வீடு அவருடையது. என் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கித் தம் மாடுகளைக் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"மன்னா, வீட்டை விற்கப் பறை அறையும் முன்பே பத்திரங்கள் சரியாக இருக்க வேண்டும் என்பது சட்டம்" என்றார். "மூலப்பத்திரம், வரிச் சீட்டு, பங்காளிகளின் சம்மதம், நான்கு எல்லைக்காரர்களின் கையொப்பம். ஒன்று குறைந்தாலும் பறை அறையக் கூடாது."

வீட்டுக்கு ஓடினேன். மூலப்பத்திரம் பரணில் இருந்தது. ஓரத்தை எலி தின்றிருந்தது. பக்கத்திலேயே நான் எழுதிவைத்திருந்த விகடங்களை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வரிச் சீட்டை என் மனைவி வடிவாம்பாள் அரிசிப் பானையிலிருந்து எடுத்துத் தந்தாள்.

"உங்ககிட்ட குடுத்திருந்தா அதுல வெத்தல மடிச்சிருப்பீங்க" என்றாள். உண்மைதான்.

என் தம்பி, "இந்த வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த வேகத்தைப் பார்த்து எனக்கே அவமானமாகிவிட்டது. "அண்ணே, மழைக்கு உங்க வீட்டுக்குள்ள ஒதுங்கறதுக்கு வெளியவே நின்னுடலாம்ணே" என்றான்.

கிழக்கு, வடக்கு, தெற்கு எல்லைக்காரர்கள் உடனே கையெழுத்துப் போட்டார்கள். நான் போனால் போதும் என்றிருந்தார்கள் போலும். மேற்கேதான் நல்லபெருமாள்.

"உன் வீடு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததில் கையொப்பமிட மாட்டேன்" என்றார். "பேசாமல் எனக்கே கொடுத்துவிடு. ஒரு கறவை மாட்டின் விலை தருகிறேன். எனக்கு விற்றால் பறை எதற்கு, கையொப்பம் எதற்கு?"

அழுதுகொண்டே ராஜாவிடம் போனேன். நான் அழுவதைப் பார்த்து அவர் சிரித்தார். என் தொழில் ராசி அப்படி. "மேற்கே இருப்பவர் கையொப்பமிட மறுக்கிறார், மன்னா" என்றேன்.

"அவர் மறுத்தால், மேற்கே அடுத்து யார் இருக்கிறாரோ அவரிடம் வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜாவின் கட்டளை, மீற முடியுமா? நல்லபெருமாளின் வீட்டுக்கு மேற்கே இருந்தது அரசாங்க யானைகளைக் கட்டும் கொட்டாரம். தன் சுவர் எது என்பதில் கொட்டாரத் தலைவருக்குச் சந்தேகமே இல்லை. கேட்டதும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பறை முழங்கியது.

"சடையாண்டி வீடு விற்பனைக்கு! கிழக்கே தேர்வீதி! வடக்கே செக்குமேடு! தெற்கே நந்தவனம்! மேற்கே யானைக் கொட்டாரம்!"

ஜனங்கள் திரண்டுவிட்டார்கள். நல்லபெருமாள் குளித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மிளகு வியாபாரி அவருடைய கூடத்தைக் காலால் அளந்து பெரிய விலை ஒன்றைச் சொன்னார். வியாபாரியின் மனைவி அடுக்களைக்குள் போய், "இந்த அடுப்ப இடிச்சிட்டு ஜன்னல் வெக்கணும்" என்று நல்லபெருமாளின் மனைவியிடமே சொன்னாள்.

நல்லபெருமாள் ஈரத்துணியோடு சபைக்கு ஓடிவந்தார். "மன்னா, அநியாயம்! என் வீட்டையும் சேர்த்து விற்கிறான்!"

"தங்கள் கட்டளைப்படி மேற்கே அடுத்தவரிடம் வாங்கினேன், மன்னா" என்றேன். "என் வீடு எங்கே முடிகிறது என்று இவருக்குத் தெரியாதாம். தெரிந்தால் சொல்லட்டும், திருத்திக்கொள்கிறேன்."

"முருங்கை மரத்தோடு முடிகிறதடா! முருங்கை மரத்தோடு!"

"அதையே எழுதிக் கையொப்பமிடுங்கள், ஐயா" என்று பத்திரத்தை நீட்டினேன். போட்டார். ராஜா சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தார்.

எல்லாம் சரி, என் பாடு? முருங்கை மரம் வரைக்கும்தான் வீடு என்று தெரிந்ததும், மிளகு வியாபாரி என் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது. பத்திரம் அத்தனையும் சுத்தம், வாங்கத்தான் ஆள் இல்லை. பௌர்ணமியோ மறுநாள். மறுபடியும் ராஜாவின் முன்னால் போய் நின்று விஷயத்தையும், நல்லபெருமாள் மாடு கட்ட வீட்டைக் கேட்டதையும் சொன்னேன்.

சிரிப்பு அடங்காமலே ராஜா நிலக்கணக்கு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "நல்லபெருமாளே, மாடு கட்ட அந்த வீடு வேண்டுமென்று கேட்டீராமே? வியாபாரி சொன்ன விலைக்கே நீர் வாங்கிக்கொள்ளும். பத்திரத்தில் குறையேதும் இல்லை. உம்முடைய கையொப்பமே இருக்கிறது!"

பிறகு தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். என் தொந்திக்கு அது எட்டவில்லை. அதற்கும் ஒரு சிரிப்பு.

நல்லபெருமாள் என் பழைய வீட்டில் மாடுகளைக் கட்டினார். முதல் மழைக்கே அவை கயிற்றை அறுத்துக்கொண்டு அவருடைய கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. நான் அந்த வீட்டில் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன்.