நடந்து வந்த மாசிப்பொன்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. ஒரு மலையின் அடிவாரத்தில் பனியூர் என்று ஓர் ஊர் இருந்தது. இந்தக் கதையைச் சின்னவர்களும் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம். பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

அந்த ஊரில் மாசிப்பொன் என்று ஒரு செடி உண்டு. ஆள் உயரம் வளரும். மார்கழியில் இலையெல்லாம் கொட்டி வெறுங்குச்சியாக நிற்கும். மாசியில் பனி விலகும் முன்பே, ஓர் இலைகூட இல்லாமல், குச்சி முழுக்க மஞ்சளாகப் பூத்துவிடும். அந்தப் பூவுக்கு வாசனை கிடையாது. தலையில் வைத்தால் நிற்காது. சாமிக்கும் போடுவதில்லை. வெறுமனே பார்க்கத்தான் பூ.

ஆனாலும் ஊரில் அதற்குப் பெரிய மரியாதை. ஏனென்றால் அதுதான் அங்கே வேலி. பங்குனி முதல் நாள் எல்லைக்காரர்கள் மூன்று பேர் தம்பட்டம் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். செடி எந்தக் கோட்டில் பூத்திருக்கிறதோ அதுதான் எல்லை. அதற்குமேல் பேச்சில்லை.

பூ உதிர்ந்த ஏழு நாளுக்குள் கவாத்து செய்துவிட வேண்டும். பிறகு கத்தி படக்கூடாது. இந்த வருஷம் வளரும் கிளையில்தான் அடுத்த வருஷம் பூ வரும். மார்கழியில் வெட்டினால் மாசியில் பூ இல்லை. அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும்.

அங்கே வெண்காடன் என்று ஒரு பெரிய தோட்டக்காரன் இருந்தான். அவன் தோட்டத்தில் இல்லாத செடி இல்லை. இல்லாதது தண்ணீர் ஒன்றுதான். தண்ணீர் பக்கத்து நிலத்தில் இருந்தது. அது சேந்தி என்ற பெண்ணின் நிலம். அம்மா அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனியாக இருந்தாள். ஓர் அவரைப் பந்தல், ஒரு மாட்டுத் தொழுவம், கோடையிலும் வற்றாத ஒரு சுனை. அவ்வளவுதான் அவள் சொத்து. சுனை போனால் அவள் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

வெண்காடன் செடி வைப்பதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நல்லதுக்குப் பயன்படுத்தியிருந்தால் நமக்குக் கதை ஏது?

முதல் வருஷம் ஆடி மாதத்தில் வேலியின் நீளமான கிளைகளைச் சேந்தியின் பக்கம் வளைத்தான். கிளையில் லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியன் போட்டான். மழையில் அவை வேர் பிடித்தன. மார்கழியில், தன் கை தனக்கே தெரியாத பனியில், பழைய செடிகளைத் தோண்டி எடுத்துவிட்டுப் பதியனை மட்டும் விட்டான். மாசியில் வேலி சேந்தியின் பக்கம் தள்ளிப் பூத்தது. அவரைப் பந்தல் போயிற்று.

இரண்டாம் வருஷமும் அப்படியே செய்தான். தொழுவம் போயிற்று. சுனைக்கும் வேலிக்கும் நடுவே ஓர் எட்டுதான் மிச்சம்.

இந்த முறை சேந்தி எல்லைக்காரர்கள் முன்னால் வந்து நின்றாள். "பனிக்குள்ள மம்மட்டிச் சத்தம் கேட்டுச்சு. ஆளத்தான் பாக்க முடியல," என்றாள்.

எல்லைக்காரர்கள் வெண்காடனைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவன் பூத்திருந்த கிளைமேல் கை வைத்தான். "நான் தொடல. செடி தானா நடந்துச்சு," என்றான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னான்.

பொய்யென்று மூன்று பேருக்கும் பட்டது. ஆனால் சத்தியத்துக்கு மேல் கேட்க ஊரில் வழக்கமில்லை. எழுந்து போனார்கள். வெண்காடன் கையை எடுத்தான். கைக்கு அடியில் இருந்த பூக்கள் எல்லாம் அவன் முகம் பார்த்துத் திரும்பியிருந்தன. காற்றில் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்குக் காற்றே இல்லை.

மூன்றாம் வருஷம் ஆடி பிறந்தது. சுனையையும் வளைத்துவிடலாம் என்று வெண்காடன் வேலிக்குப் போனான். அங்கே கிளைகள் ஏற்கெனவே வளைந்து, நுனியை மண்ணுக்குள் செருகியிருந்தன. ஆனால் அவன் பக்கம்.

ஒன்றைப் பிடித்து இழுத்தான். உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல அது வர மறுத்தது. விட்டுவிட்டான்.

சேந்தி சுனைக்கரையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "நீதான் பதியன் போட்டியா?" என்று அதட்டினான்.

"நான் கத்தியே எடுக்கல ஐயா. சித்திரை வெயில்ல வாடுச்சு, தண்ணி மட்டும் ஊத்துனேன்."

"ஒன் நெலத்தத் தின்ன செடிக்குத் தண்ணி ஊத்துனியா?"

"செடி என்ன ஐயா பண்ணும்," என்றாள் அவள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க சத்தியம் பண்ண நாள்லேருந்து அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றாள்.

வெண்காடன் தன் வாசற்படியிலிருந்து வேலிவரை எட்டு வைத்து அளந்தான். ஆவணியில் அறுபது எட்டு. ஐப்பசியில் நாற்பது. கார்த்திகையில் இருபது. செடியின்மேல் குருவி உட்காரவில்லை. அவன் மாடுகள் அந்தப் பக்கம் மேயப் போகவில்லை. இலை கொட்டிய குச்சிகள் அத்தனையும் அவன் வீட்டை நோக்கியே நீண்டிருந்தன.

மார்கழியில் அவன் அரிவாளை எடுத்தான். தன் பக்கம் இருந்த மாசிப்பொன் அத்தனையையும் தரையோடு தரையாக வெட்டினான். மார்கழியில் வெட்டியது மாசியில் பூக்காதே. பூக்காவிட்டால் அது எல்லையும் இல்லை. அப்பாடா என்று திண்டில் சாய்ந்தான்.

பனி இறங்கியது. பகலிலும் வாசல் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்த வெண்காடனுக்கு ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மம்மட்டிச் சத்தம் அல்ல. மண் மெதுவாக விலகும் சத்தம். மேற்கே கேட்டது. பிறகு வடக்கே கேட்டது. பிறகு வீட்டைச் சுற்றிலும் கேட்டது.

மாசிக் கடைசியில் ஒரு நாள் காலையில் பனி விலகியது. கதவைத் திறந்தான். வீட்டைச் சுற்றி வட்டமாக, கணுக்கால் உயரத்தில், கிளையும் இல்லாமல் இலையும் இல்லாமல் மாசிப்பொன் பூத்திருந்தது. அத்தனை பூவும் அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

பங்குனி முதல் நாள் எல்லைக்காரர்கள் வந்தார்கள். ஊரும் பின்னால் வந்தது. பூக்கோட்டுக்கு வெளியே இருந்த தோட்டம் முழுவதும் இனிச் சேந்திக்கு.

"இது யாரோ செஞ்ச வேலை," என்று வெண்காடன் கத்தினான்.

முதல் எல்லைக்காரர் கேட்டார்: "செடி தானா நடக்குமா, வெண்காடா?"

நடக்காது என்று சொன்னால் சத்தியம் பொய்யாகும். ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும். நடக்கும் என்று சொன்னால் தோட்டம் போகும்.

சேந்தி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "ஐயா, நெசத்தச் சொல்லிடுங்க. எனக்கு எம் பந்தலும் தொழுவமும் போதும். ஒங்க தோட்டம் ஒங்களுக்கே இருக்கட்டும்," என்றாள்.

எவ்வளவு நல்ல வழி பாருங்கள். ஆனால் அவளிடம் இரக்கம் வாங்குவதா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நடக்கும்," என்றான்.

வாசலில் மண் விலகியது. பூக்கோடு முற்றத்துக்குள் வந்து நின்றது.

இரண்டாமவர் கேட்டார். "நடக்கும்," என்றான். கோடு வாசற்படி ஏறியது. வெண்காடன் வீட்டுக்குள் போய் நின்றான்.

மூன்றாமவர் பூக்கோட்டைத் தாண்டாமல் நின்று கேட்டார். "தம்பி, இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லு. செடி தானா நடக்குமா?"

"நடக்கும்," என்றான் வெண்காடன். அவனுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே வீட்டுத் தரை பிளந்தது. அங்கே ஒரே ஒரு மஞ்சள் பூ நிமிர்ந்து அவனைப் பார்த்தது.

அவன் பின்வாங்கினான். பூவும் ஓர் எட்டு வந்தது. வீட்டைவிட்டு ஓடினான், ஊரைவிட்டு ஓடினான். போன ஊரில் குடிசை போட்டான். மாசியில் அதன் வாசலில் மஞ்சள் தெரிந்தது. அடுத்த ஊருக்குப் போனான், அதற்கடுத்த ஊருக்கும் போனான். பனி நாளில் மலைப்பாதையில் போகிறவர்கள் இப்போதும் ஒரு கிழவனைப் பார்ப்பார்களாம். மூன்று எண்ணும் நேரம்கூட அவன் ஓரிடத்தில் நிற்பதில்லையாம்.

சேந்தி என்ன செய்தாள்? பூ உதிர்ந்த ஏழு நாளுக்குள் கவாத்து செய்து, வேர் பிடித்ததைப் பெயர்த்து, பழைய எல்லையிலேயே திரும்ப நட்டாள். ஓர் எட்டுகூட அதிகம் எடுக்கவில்லை. செடி அதற்குப் பிறகு நகரவில்லை. வெண்காடன் தோட்டத்துப் பக்கம் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டிருந்தாள். அவன் எப்போது வந்து உண்மையைச் சொன்னாலும் சுனையில் தண்ணீர் மொண்டு கொடுக்கலாம் என்றுதான். அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அவன் வரவில்லை.

ஆகவே கேட்டவர்களே, அடுத்தவர் நிற்கும் இடத்தைப் பொய்யால் பறிக்கிறவனுக்குக் கடைசியில் தான் நிற்கவே இடம் இருக்காது.