தியர்னிக்கு ஒரு சேதி

அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு அது. பட்டினிக்குத் தப்பி வந்த ஜனங்களோடு ஒரு கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தை அடைந்தது. உள்ளே விஷக்காய்ச்சல் பரவியிருந்தது. யாரையும் கரையிறங்க விடவில்லை. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றது.

ஒன்பதாம் நாள் காலை, சட்டசபை உறுப்பினர் கார்மக் தியர்னி படகுத்துறைக்கு வந்தார். துறவி ஃபின்டன் அங்கே படகில் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார். தியர்னியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஆறு வருடமாக மனக்குழப்பம் எதுவானாலும் தியர்னி அவரிடம்தான் வருவார்.

"சுவாமி, நான் செய்தது தப்பா?"

"என்ன செய்தீர்கள்?"

"காய்ச்சல் கப்பல்களை உள்ளே விடக் கூடாது என்ற சட்டத்துக்குக் கை தூக்கினேன்."

"கை மட்டும்தானா?"

"பேசவும் செய்தேன். 'அப்படியொரு கப்பலில் வந்தவன் நான். அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்' என்றேன். அதன் பிறகுதான் மற்றவர்களும் கை தூக்கினார்கள்."

அவர் சொன்னது பொய்யில்லை. இருபது வயதில் அப்படித்தான் வந்து இறங்கினார். தள்ளுவண்டியில் மெழுகுவத்தியும் கயிறும் விற்றார். பிறகு மாவுக்கடை வைத்தார். மூன்று கிடங்குகள் கட்டினார். 'நம்ம ஆள்' என்று சொல்லி ஐரிஷ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைச் சபைக்கு அனுப்பினார்கள்.

"எதிர்த்திருந்தால் அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்கள் என்னை நிற்கவே விட மாட்டார்கள், சுவாமி. நானும் போய்விட்டால் நம் ஜனங்களுக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்?"

"படகில் ஏறுங்கள்" என்றார் ஃபின்டன்.

கப்பலை நெருங்கும்போதே நாற்றம் வீசியது. தியர்னிக்கு அது பழகிய நாற்றம். ஃபின்டன் நூலேணியில் ஏறி மேலே போய்விட்டார். பீப்பாயை இழுக்க ஒரு பெண் கயிறு இறக்கினாள்.

"கட்டியாயிற்று, இழுங்கள்" என்றார் தியர்னி.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஐயா, பேச்சைக் கேட்டால் நம் மேயோ மாவட்டத்துக்காரர் மாதிரி இருக்கிறதே?"

"ஆமாம்."

"நாங்களும் மேயோதான்!" அந்த வற்றிய முகம் மலர்ந்தது. "இந்த ஊர்ச் சபையில் நம்ம ஆள் ஒருவர் இருக்கிறாராமே, தியர்னி என்று? என் வீட்டுக்காரர் வழியெல்லாம் அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை அவர் உடம்பைக் கடலில் இறக்கினோம். தியர்னியைத் தெரியுமா உங்களுக்கு?"

தியர்னி தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பார்த்திருக்கிறேன்."

"நாங்கள் இங்கே கிடப்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. தெரிந்தால் சும்மா இருப்பாரா? என் சின்ன மகளுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள், ஐயா. சொல்வீர்களா?"

"சொல்கிறேன்."

திரும்பும்போது ஃபின்டன் துடுப்புப் போட்டார். கரை நெருங்கியது.

"அவள் கேட்டபோது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை" என்றார் தியர்னி. "நாளைக்குச் சபை கூடுகிறது. நான் என்ன செய்ய வேண்டும், சுவாமி?"

"சேதி சொல்வதாக ஒப்புக்கொண்டீர்கள். தியர்னியிடம் சொல்லிவிடுங்கள்."

தியர்னி கேட்டார்:

"அவர் கேட்காவிட்டால்?"

ஃபின்டன் படகைத் துறையில் கட்டினார்.

"நாளை மறுநாளும் தண்ணீர் கொண்டுபோவேன். படகில் இடம் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று அந்தப் பெண்ணிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்."