கரைக்கு அடியில் ஒரு கட்டில்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், வீரகேசரி என்றொரு ராஜா இருந்தார். அவருக்குத் தம் புது ஏரியின் மேல் அப்படியொரு பெருமை! அது அமைச்சர் பூவராகர் நின்று கட்டிய ஏரி. முக்கால்வாசி நிரம்பிவிட்டது. முழுக்க நிரம்புகிற அன்று பட்டத்து யானையைக் கரைமேல் நடத்த வேண்டுமென்று ராஜாவுக்கு ஆசை.

அந்த நேரம் பார்த்துத்தானா அரண்மனை விகடன் சொக்கப்பன் வாயைத் திறக்க வேண்டும்!

"மகாராஜா, கரைக்குள் நண்டு வளை ஓடுகிறது. இன்னும் தண்ணீர் ஏறினால் கரை நிற்காது. கீழே முந்நூறு வீடு."

"அபாண்டம்!" என்று குதித்தார் பூவராகர். தம்மைவிட இந்தக் கோமாளிக்கு ராஜா காது கொடுக்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் புகைச்சல். "மகாராஜா புகழில் மண் போடுகிறான். நிரூபிக்கச் சொல்லுங்கள்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "சொக்கப்பா, அறிவு ஒப்ப வேண்டும், தெய்வம் ஒப்ப வேண்டும், என் மனமும் ஒப்ப வேண்டும். நாளைக்குள் மூன்று சாட்சி. ஒன்று குறைந்தாலும் நீ நாட்டைவிட்டுப் போகலாம்."

"உத்தரவு மகாராஜா."

மறுநாள் காலை ஊரே கரையில் கூடியது. சாயக்காரரிடம் வாங்கிய ஒரு குடம் நீலத்தைச் சொக்கப்பன் ஏரிக்குள் கரையோரமாக ஊற்றினான். கொஞ்ச நேரம் போனது.

"அடி ஆத்தி! இங்க பாருங்க, நீலமா வருதே!" கரைக்கு வெளியே கீழே நின்ற ஒருத்தி அலறினாள்.

"இது அறிவின் சாட்சி" என்றான் சொக்கப்பன்.

"ஏரி என்றால் கசியும். கசிவு வேறு, உடைப்பு வேறு" என்றார் பூவராகர்.

சொக்கப்பன் அவரைக் கரையடி ஐயனார் முன் அழைத்துப் போய்க் கற்பூரம் ஏற்றினான். "கரை உடையாது என்று இதை அடித்துச் சத்தியம் செய்யுங்கள், அமைச்சரே."

பூவராகரின் கை உயர்ந்தது. உயர்ந்தது உயர்ந்தபடியே நின்றது. "கை... கையில் சுளுக்கு."

"யானை நடக்கக் கரை கட்டிய கை, ஒரு துண்டுக் கற்பூரத்துக்கா தயங்குகிறது? மகாராஜா, சாமி பேசாது. சாமிக்குப் பயந்தவர் கை பேசிவிட்டது."

ராஜா விடவில்லை. "என் மனம் இன்னும் ஒப்பவில்லை."

கரைக்கு வெளியே, அடிவாரத்தில், சொக்கப்பன் முன்பே ஒரு கட்டில் போட்டுவைத்திருந்தான். "சற்றே பள்ளிகொள்ளுங்கள், மகாராஜா."

"என் கரை! எனக்கென்ன பயம்?" ராஜா மீசையை நீவிக்கொண்டு படுத்தார்.

"சின்ன இளவரசரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்திலேயே படுக்கவைப்போம்."

"வேண்டாம்!" ராஜா துள்ளி எழுந்தார்.

"ஏன் மகாராஜா?"

எதிரே ஒரு வீட்டு வாசலில், வேப்பங்கிளையில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

"மூன்றாம் சாட்சி நானேதான்" என்றார். "மதகைத் திறந்துவிடுங்கள்! பூவராகரே, கரையைப் பிரித்துக் கட்ட எத்தனை நாளாகும்?"

"ஆறு மாதம், மகாராஜா."

"அதுவரை இந்தக் கட்டில் உமக்கு. இங்கேயே படுத்துக்கொள்ளும்."

"இருபதே நாளில் முடித்துவிடுகிறேன், மகாராஜா!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஊரும் சேர்ந்து சிரித்தது.

அடுத்த மழைக்கு ஏரி நிரம்பித் தளும்பியது. பட்டத்து யானைமேல் தம் பக்கத்தில் சொக்கப்பனை உட்காரவைத்து, தம் கழுத்து முத்துமாலையை அவனுக்குப் போட்டார் ராஜா. யானை நடந்தது. கரையிலிருந்து ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை.

"இப்போது சொல்வேனடா, இது என் ஏரி!" என்று ராஜா நெஞ்சை நிமிர்த்தினார்.

கீழே, அதே கட்டிலில், தாம் பிரித்துக் கட்டிய கரைக்குத் தாமே சாட்சியாக, பூவராகர் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய பேரன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.