சடையன் சுமந்த சைக்கிள்

அல்லிக்குளக் காட்டில் சடையன் என்றொரு கீரி இருந்தது. எப்போதோ கண்ணியில் மாட்டிப் பின்னங்கால் ஒன்றை இழந்த கீரி. அதனிடம் ஒரு குட்டி சைக்கிள் இருந்தது. குளக்கரைக்கு விளையாட வந்த ஏதோ மனிதக் குழந்தை விட்டுப்போனது. மிச்சமிருந்த பின்னங்காலால் அதை மிதித்துக்கொண்டு சடையன் போனால் காடே திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே சில நாள் வேலையில்லாமல் சுற்றி வரும்.

சடையனின் மகள் அரும்புக்குக் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் கல்யாணம் நிச்சயமானது. பெண் முன்னதாகவே அங்கே போய்விட்டது. கீரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் அப்பா அவள் இருக்கும் வளையின் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தக் குரல் கேட்டுத்தான் மணப்பெண் வெளியே வருவாள். பொழுது சாய்வதற்குள் அப்பா வரவில்லை என்றால் அவருடைய ஊர்க்காரர் யாராவது கூப்பிடலாம். ஆனால் எந்த அப்பாதான் அதை விட்டுக்கொடுப்பார்?

"சம்பந்திங்க முன்னால நொண்டிக்கிட்டுப் போய் நிக்க முடியுமா? சைக்கிள்லதான் போய் இறங்கணும்" என்று சடையன் முடிவு செய்தது.

கடல் தாண்டிப் போகிறவர்களை அந்தக் குளத்துக் கூழைக்கடாக்கள் முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கும். மூட்டை முடிச்செல்லாம் அலகுப் பையில் போகும். எதை ஏற்றலாம் என்று சொல்வது ஒரு கொக்கு. அது ஒற்றைக்காலில் நின்றபடி சைக்கிளைப் பார்த்தது.

"சைக்கிளா? இப்படியே ஏத்த முடியாதுங்க. பெடலக் கழட்டணும். ஹேண்டிலத் திருப்பணும். டயர்ல காத்த இறக்கணும். மேல போனா வெடிச்சிரும்."

"என் வயித்துலகூடக் காத்துதான் இருக்கு. அதுவும் வெடிக்குமா?"

"வயித்தப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் சொல்லலிங்க" என்றது கொக்கு.

வரிசையில் பின்னால் நின்ற நரி சடையனின் காதருகே குனிந்தது. அதன் தோளில் துணி சுற்றிய ஆட்டுத்தொடை ஒன்று தொங்கியது.

"அண்ணே, சைக்கிள்னு ஏன் வாயத் தொறந்தீங்க? துணியச் சுத்தி வீணைன்னு சொல்லியிருக்கலாமே."

"பொண்ணு அரும்புக்குக் கல்யாணம்ப்பா. பொய் சொல்லிட்டுக் கெளம்ப மனசு வரல."

"கல்யாணமா?" நரி நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றியது. "விருந்து பலமா இருக்குமே."

சடையன் உட்கார்ந்து கழற்றத் தொடங்கியது. இடப்பக்கத்துப் பெடலை மட்டும் மாற்றித் திருகினால்தான் கழலும். அது தெரியாமல் சடையன் பலம்கொண்ட மட்டும் திருக, பெடல் இன்னும் இறுகிக்கொண்டே போனது. அது ஒருவழியாகக் கழன்று வருவதற்குள் காலைக் கூழைக்கடா பறந்துவிட்டது. இனி மத்தியானம்தான்.

அடுத்து நண்டுகளின் சோதனை. அவை பையைக் கிண்டிக் காற்றடிக்கும் பம்பையும் ஸ்பானரையும் வெளியே எடுத்துப் போட்டன.

"இதெல்லாம் ஆயுதம். கொண்டுபோகக் கூடாது."

"காத்த இறக்கச் சொன்னதே நீங்கதானே. பம்பு இல்லாம நான் எப்படி அடிப்பேன்?"

"இறக்கச் சொன்னது கொக்கு. எங்க வேல ஆயுதம் பாக்கறது மட்டும்தான்" என்று நண்டுகள் கொடுக்கை ஆட்டின. பிறகு நரியின் பக்கம் திரும்பின. "இது என்ன?"

"மிருதங்கம்" என்றது நரி.

"வாசி பாப்போம்."

"அங்க போய்த்தான் வாசிப்பேன். கல்யாணக் கச்சேரி."

நண்டுகள் வழிவிட்டன. சடையன் பம்பையும் ஸ்பானரையும் அங்கேயே விட்டது. மத்தியானக் கூழைக்கடாவின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

தீவில் இறங்கியதும் கூழைக்கடா அலகைத் திறந்து எல்லாவற்றையும் பாறைமேல் கொட்டியது. சைக்கிளின் முன்சக்கரம் கோணிக்கொண்டது.

"பாத்து இறக்கக் கூடாதா? நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"கொக்குகிட்டச் சொல்லுங்க."

"கொக்கு அந்தக் கரையில இருக்கே."

"ஆமா, அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூழைக்கடா மீன் பிடிக்கப் போய்விட்டது.

கரையில் ஓர் உடும்பு காவல் இருந்தது. "சக்கரத்துல வெளியூர் மண்ணு ஒட்டியிருக்கு. கழுவிட்டுத்தான் போகணும்." நரி நாலு காலிலும் அதே குளத்துச் சேற்றோடு அதன் முன்னால் நடந்து போனது. காலைக் கழுவச் சொல்லி உடும்புக்கு உத்தரவு இல்லை. சடையன் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சுரண்டிச் சுரண்டிக் கழுவியது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவி அருகில் வந்தது.

"ஐயா, கல்யாண வளை அந்த மேட்டுக்கு மேலதான். இதப் போட்டுட்டு இப்பவே நடங்க. பொழுதுக்குள்ள போயிரலாம்."

சடையன் மேட்டைப் பார்த்தது. சைக்கிளைப் பார்த்தது. காற்றில்லாத டயர், கோணிய சக்கரம், பூட்ட வழியில்லாத பெடல். பேசாமல் நடந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் கண்முன் வந்தது.

"இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டாந்துட்டு இங்கயா போட்டுட்டுப் போவேன்?"

ஹேண்டிலை வாயில் கவ்விக்கொண்டு, மூன்று காலால் மணலை உதைத்து உதைத்து மேடேறியது. சக்கரம் கல்லுக்குக் கல் சிக்கியது. பாதி மேடு ஏறும்போதே இருட்டிவிட்டது. அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அரும்பு! வெளிய வாம்மா!"

அந்தக் குரல் யாருடையது என்று சடையனுக்கு உடனே தெரிந்தது. மிருதங்கம் என்று சொன்ன அதே குரல்.

மேலே போய்ச் சேர்ந்தபோது விருந்து நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் ஊர்க்காரர் என்று முதல் இலை நரிக்குப் போட்டிருந்தார்கள். அரும்பு ஓடி வந்தது. அப்பாவைப் பார்த்தது, பக்கத்தில் கிடந்த சைக்கிளைப் பார்த்தது.

"இத எதுக்குப்பா இழுத்துட்டு வந்தீங்க?"

"உன் மாமனார் வீட்டு முன்னால நொண்டிக்கிட்டு வரக் கூடாதுன்னுதாம்மா."

"காட்டுல தீப்பிடிச்சப்ப என்னைய வாயில கவ்விக்கிட்டு அந்த மூணு காலாலதானே ஓடுனீங்க? அத இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். அந்தக் கால் எப்ப வரும்னுதாம்ப்பா வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

மகளைக் கூப்பிட வைத்திருந்த குரலுக்கு இனி வேலையில்லை. அன்று சடையனுக்கு ஒரு வாய்ச் சோறும் இறங்கவில்லை.

நம்மைச் சுமக்க வேண்டியதை நாம் சுமக்கும்படி ஆகிவிட்டால், அதற்காகப் பட்ட பாட்டை எண்ணிக்கொண்டிராமல் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.