பெட்டி 14

ஒரு பல்கலைக்கழகத்தில் வீடியோ கேம் செய்யும் மாணவர் மன்றம் இருந்தது. அவர்கள் செய்துவந்த விளையாட்டுக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வாழ்ந்தது.

ஆரம்பத்தில் அந்த விளையாட்டில் இதுபோன்ற பெட்டிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. யானை வேண்டுமா, ஒரு பெட்டியை நிறுத்தினார்கள். கோட்டைக் கதவு வேண்டுமா, இன்னொரு பெட்டியை நிமிர்த்தினார்கள். பிறகு ஓவியங்கள் வந்தன. யானைக்குத் தந்தம் முளைத்தது. கதவுக்குக் குமிழ் முளைத்தது. கடைசியில் தங்கத் தூண்களும் பளிங்குத் தரையுமாக அரண்மனை வந்து இந்தப் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்தது. பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார்கள்.

"நீ இன்னும் போகவில்லையா?" என்றது அரண்மனை.

"எப்படிப் போவேன்? நீ வெறும் படம். படத்தின்மேல் கால் நிற்காது. இந்த விளையாட்டின் வீரன் நிற்பது என்மேல்."

"பேச்சைப் பார்! என்னைப் பார்க்கத்தான் கூட்டம் வரப்போகிறது. உன்னைப் பார்க்க எவன் வருவான்?"

"எவனும் வர வேண்டாம். மிதிக்கும்போது கொஞ்சம் நினைத்துக்கொண்டால் போதும்."

அரண்மனை சிரித்தது.

கண்காட்சி நாள் வந்தது. மன்றத் தலைவன் ஜெரால்டு, வேண்டாதவற்றை நீக்கிக்கொண்டிருந்தான்.

"மெகரு, இந்தப் 'பெட்டி 14' எதுக்கு?"

நிரல் எழுதிய மெகருன்னிசா மேசைக்கடியில் வயரைச் செருகிக்கொண்டிருந்தாள். "பழசா இருக்கும். கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல."

"அப்போ தூக்கிரு."

கண்ணுக்குத் தெரியாதது தேவையில்லாதது என்று படித்தவர்கள் முடிவுகட்ட அதிக நேரம் ஆவதில்லை. பெட்டி கணினியின் குப்பைத் தொட்டிக்குப் போனது.

கூட்டம் வருமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்க விளையாட்டைத் தொடங்கினார்கள். வீரன் வாளை உயர்த்தியபடி அரண்மனைக்குள் காலை வைத்தான். வைத்த கால் நிற்கவில்லை. பளிங்குக்குள் புகுந்து ஆளோடு கீழே போனான். அவன் பின்னால் வந்த பறையடிப்பவன் விழுந்தான். பூக்காரி கூடையோடு விழுந்தாள். கீழே அடி என்று ஒன்று இல்லை, விழுந்துகொண்டே இருந்தார்கள்.

"அரண்மனையே, பிடி!" என்று கத்தினான் வீரன்.

"எனக்குக் கை ஏது? அழகாக இருக்கச் சொன்னார்கள், இருக்கிறேன்!"

திரைக்கு வெளியே ஜெரால்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என்ன மெகரு இது? வாசல்ல ஆள் வந்துட்டாங்க! ஒரு வருஷ உழைப்பு!"

"நான்தான் தூக்கச் சொன்னேன், என்னைத் திட்டு. ஆனா அப்புறம் திட்டு. முதல்ல குப்பைத் தொட்டியைத் திற!"

தொட்டிக்குள், முன்பு யானையாகவும் கதவாகவும் நின்ற பழைய பெட்டிகள் கிடந்தன. "போகாதே," என்றன அவை. "விழட்டும். அப்போதுதான் புத்தி வரும்."

"வீரன் மட்டும் விழுந்தால் நானும் உங்களோடு சேர்ந்து வேடிக்கை பார்ப்பேன்," என்றது பெட்டி. "பூக்காரியும் விழுகிறாளே."

மேலிருந்து ஒரு கை நீண்டது. பெட்டி ஏறிக்கொண்டது.

வீரனின் பாதம் 'தொம்' என்று தரையைத் தொட்டது. பறை மறுபடி அதிர்ந்தது. பூக்காரி கூடையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பாடா!" மெகருன்னிசா நாற்காலியில் சாய்ந்தாள். ஜெரால்டு சிரிக்கத் தொடங்கியவன், வாசல்வரை சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தான்.

பெட்டியின் மேல் பாரம் திரும்பி வந்தது. பாரம் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் இத்தனை பேரும் நிற்கிறார்கள் என்பது நிம்மதியாக இருந்தது.

கூட்டம் உள்ளே வருவதற்குள் மெகருன்னிசா 'பெட்டி 14' என்பதை அழித்தாள். அந்த இடத்தில், 'தரை. யாரும் நீக்கக் கூடாது' என்று எழுதினாள்.

அரண்மனை மேலிருந்து எட்டிப் படித்தது. "இதெல்லாம் ஒரு பெயரா? வெறும் உத்தரவு."

"உத்தரவுதான்," என்றது தரை. "இதுவரை எல்லா உத்தரவும் எனக்கு வந்தன. இது உங்களுக்கு வந்திருக்கிறது."