உம் கொட்டிய கல்

காக்கைகள்கூட உட்கார்ந்து கதை கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மருதவன நாட்டில் அஞ்சலை என்ற விறகுவெட்டி வாழ்ந்தாள். அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வேம்பி, அந்தக் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள். இளையவள் சிட்டு. யார் எதைச் சொன்னாலும் கதை என்று நினைத்து "உம்" கொட்டுவாள்.

ஒருநாள் மூவரும் விறகுக்குப் போன காட்டில் ஒரு மந்திரவாதி கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். சிட்டு போய் எதிரே உட்கார்ந்தாள்.

"ஜீம்... பூம்..."

"உம்!"

"ஜாலம்... காலம்..."

"உம், அப்புறம்?"

மந்திரம் கலைந்தது. "கல்லாய்ப் போ!" என்று கத்தினான். சிட்டு கல்லாகிவிட்டாள்.

"அறியாப் புள்ள சாமி!" என்று அஞ்சலை காலில் விழுந்தாள்.

அவன் ஓர் ஏட்டை வீசினான். "இதிலுள்ள கதையைக் கல்லுக்கு வாசி. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் கல் வாய் திறந்தால் பிள்ளை. இல்லையென்றால் என்றைக்கும் கல். ஆமா, உங்க வீட்டுல யாருக்குடி எழுத்து தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் வேம்பி. ஏட்டை எடுத்துக்கொண்டாள்.

முதல் நாள், தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். கல் பேசவில்லை. இரண்டாம் நாள் இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாக வாசித்தாள். கல் பேசவில்லை.

"ஒரு எழுத்தும் விட்டுப் போகலியே கண்ணு?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் அவ வாய் தெறக்கல?"

மூன்றாம் நாள் மாலைச் சூரியன் மர உச்சியைத் தொட்டது. "ஒரு யானைக்குட்டி வழி தவறிவிட்டது..." வேம்பி அந்த வரியில் நிறுத்தினாள். வீட்டில் என்றால் இந்த இடத்தில் சிட்டு அவள் முழங்காலில் மோவாயை வைத்துக்கொள்வாள். இந்த இரண்டு நாளும் ஏட்டையே பார்த்தேன், ஒரு தடவையாவது இவளைப் பார்த்தேனா?

ஏட்டைத் தாழ்த்தினாள். கல்லின் மேல் கை வைத்தாள்.

"வழி தவறிடுச்சுடி சிட்டு."

காத்திருந்தாள். ஓர் எறும்பு கல்லைக் கடந்து போனது. சூரியன் பாதி மறைந்தது.

"...உம்."

"அம்மாவைத் தேடித் தேடி அழுதுச்சு."

"உம்." கல் கதகதப்பானது.

"காடே கேக்குற மாதிரி கூப்பிட்டுச்சு."

"உம், அப்புறம்?" வேம்பியின் மடியில் சிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சலை இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்போது மரத்தின் பின்னாலிருந்து ஒரு தாடி எட்டிப்பார்த்தது.

"அந்தக் குட்டிக்கு அம்மா கெடைச்சுதா?" என்று கேட்டான் மந்திரவாதி. அவனுக்கு யாரும் ஒரு கதையும் வாசித்துக் காட்டியதில்லை.

அஞ்சலை சிட்டுவை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க சாமி. ஆனா, உம் கொட்டணும்."

"உம்" என்றான் அவன்.